தலையில் பெட்டியை மாட்டிக்கொண்டு சாமி வராது

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்,
மம்பாவ் வழி, சிரம்பான்.
செவ்வாய்க்கிழமை காலை

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய திரு. தங்கராஜு அவர்களுக்கு, இராஜமாணிக்கம் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. "அன்புள்ள சம்மந்தி அவர்களுக்கு" என்றுதான் முதலில் எழுதினேன். அப்படி எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா இல்லையா என்று தெரியாததால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இந்தத் தாளில் எழுதுகிறேன். தாங்களும் தங்கள் வீட்டம்மா மயிலம்மாள் அவர்களும் மாப்பிள்ளை ஹேமநாதனும் நோய்நொடி இல்லாமல் இருக்க எங்கள் தோட்டத்து முனியாண்டியை வேண்டிக்கொள்கிறேன். இங்கே என் மனைவி தனலெட்சுமிக்கு முழங்கால் வலி, வழக்கம் போல. என் மகள் குமுதவல்லிக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, ஆனால் ஒன்பது நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை. எனக்கு இரத்த அழுத்தம். அதற்குக் காரணம் இன்னார் என்று நான் எழுதப் போவதில்லை, படிக்கப் படிக்கத் தங்களுக்கே விளங்கும்.

இந்தக் காலத்தில் யார் தபாலில் கடிதம் போடுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். வேறு எந்த வழியை விட்டு வைத்தீர்கள்? ரெண்டு குடும்பத்துக்கும் சேர்த்து மாப்பிள்ளை ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து உங்கள் வீட்டம்மா வெளியேறினார். ரெண்டாவது நிமிஷம் நீங்களும் வெளியேறினீர்கள். அதுவும் அவர்தான் உங்கள் போனை வாங்கிச் செய்தார் என்று மாப்பிள்ளை சொன்னார், அதனால் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. போன் அடித்தால் அம்மா எடுக்கிறார். என் குரல் கேட்டதும் "சாமி!" என்று ஒரு சத்தம், அத்தோடு கட். நான் ஹலோ சொன்னதுக்கே கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. உங்கள் வீட்டில் தபால் பெட்டியைத் திறக்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று மாப்பிள்ளை சொன்னதால் இந்த வழிக்கு வந்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஏனென்றால் அது நடந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தும் இல்லை. காசு போட்டால் முதுகைப் பிடித்துவிடுகிற அந்த நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அங்கே புத்தியோடு நடந்துகொண்ட ஒரே ஆள் நீங்கள்தான்.

முதல் விஷயம், இந்தத் தீம் பார்க் யோசனை என்னுடையது அல்ல. கல்யாணத்தைத் தையில் வைப்பதா வைகாசியில் வைப்பதா என்று பேசி முடிக்க ஒரு மணி நேரம் போதும், உங்கள் வீட்டில் சோபா இருக்கிறது, எங்கள் வீட்டில் நாலு நாற்காலியும் ஒரு பெஞ்சும் இருக்கிறது, இதுக்கு எதுக்குப் போர்டிக்சன் கடற்கரை என்று நான் அன்றைக்கே கேட்டேன். மாப்பிள்ளைதான், "அங்கிள், ரெண்டு ஃபேமிலியும் ஜாலியா ரெண்டு நாள் இருந்துட்டுப் பேசுனா டென்ஷன் இல்லாம முடியும் அங்கிள்" என்றார். டென்ஷன் இல்லாமல்! சரி, சின்னஞ்சிறுசுகள் ஆசைப்படுதுகள் என்று கிளம்பினேன். காலையில் பசியாறின கையோடு தண்ணிச் சறுக்குக்குக் கூட்டிப் போய், அறுபத்தொரு வயசு ஆளை ஒரு ரப்பர் வளையத்தில் உட்கார வைத்துக் குழாய்க்குள் தள்ளிவிட்டார்கள். நான் முழுசாக வெளியே வந்தேன், என் சிலுவார் முழுசாக வரவில்லை. பின்பக்கம் இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் கிழிந்துபோய்விட்டது. மாற்றுத் துணி நாங்கள் வந்த காடியில், காடிச் சாவி மாப்பிள்ளையிடம், மாப்பிள்ளை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, என் மகளையும் காணோம். அந்தப் பார்க் கடையில் கைலி கேட்டேன், இல்லை. இருந்தது ஒரு மஞ்சள் பனியனும் ஒரு சிவப்புத் துண்டும்தான். மானத்தை மறைக்க வேண்டுமே என்று அதை வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மஞ்சளும் சிவப்பும் கட்டிக்கொண்டு நான் வேண்டுமென்றே வந்தேன் என்று இப்போது பேச்சு நடக்கிறது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் உள்ளே ஓடினோம். உள்ளே விளையாட்டு மிஷின்கள், ஒரே இரைச்சல், ஒரே இருட்டு, கலர் கலராக லைட்டு. நீங்கள் நேராக அந்த நாற்காலிக்குப் போய்விட்டீர்கள். மயிலம்மாள் அம்மா எல்லாருக்கும் குடிக்கச் சிராப்புத் தண்ணி வாங்கி வருகிறேன் என்று போனார். மாப்பிள்ளையும் குமுதாவும் ஒரு மேளம் அடிக்கிற மிஷினில் நின்று ஆளுக்கு ரெண்டு குச்சி வைத்துக்கொண்டு டங்கு டங்கென்று அடிக்கிறார்கள், சாவியைக் கேட்டால் காதில் விழவில்லை. அதுக்குப் பக்கத்தில் பேய் வீடு, வாசல்ல புகை போட்டுக்கிட்டே இருக்கான். அந்தப் புகைக்கும் மேளத்துக்கும் நடுவுலதான் நான் மாட்டுன அந்த மிஷின். இதெல்லாம் யாரு செட் பண்ணி வச்சது? நானா வச்சேன்?

அதென்ன மிஷின்னு கேளுங்க. கண்ணையும் பாதி மூக்கையும் மறைக்கிற மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி, பின்மண்டையில பட்டை போட்டு இறுக்குவாங்க. காதுல ஸ்பீக்கர். ரெண்டு கையிலயும் ஒவ்வொரு தடி. அதைப் போட்டுட்டா நீங்க நிக்கிற இடம் மறைஞ்சு போயி வேற ஒரு இடத்துல நிக்கிற மாதிரியே தெரியும், தலையத் திருப்புனா அந்த இடமும் திரும்பும். நான் வேணாம்னுதான் சொன்னேன். என் வீட்டம்மாதான், "போங்களேன், டிக்கெட்டுல இதுவும் சேத்திதானாம், எல்லாரும் போடுறாங்கல்ல"ன்னு புடிச்சுத் தள்ளுனா. கவுண்டர்ல நின்ன மலாய்ப் பொண்ணு ரொம்ப மரியாதையா, "பாக்சிக், காசுட் புக்கா"ன்னுச்சு. பெரியவரே, செருப்பக் கழட்டுங்கன்னு அர்த்தம், அது அங்க சட்டமாம். கழட்டுனேன். ஆக வெறுங்கால், மஞ்சப் பனியன், செவப்புத் துண்டு, கையில தடி, பக்கத்துல புகை, பின்னால மேளம். நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு என்ன இருக்கு?

இந்த இடத்துல ஒண்ணு சொல்லிக்கணும். நான் எங்க தோட்டத்து முனியாண்டி கோயில்ல முப்பத்தோரு வருஷமாச் சாமியாடின்னு உங்களுக்குத் தெரியும். போன ஆடித் திருவிழாவுக்கு நீங்க ரெண்டு பேரும் வந்தீங்க. மயிலம்மாள் அம்மா முன் வரிசையில நின்னு கும்புட்டு, மாப்பிள்ளைக்கு பிரமோஷன் கெடைக்குமான்னு வாக்குக் கேட்டு, மறு மாசமே கெடைச்சு, அதுக்கப்புறம்தான் எம் பொண்ண எடுக்கவே அவங்க சம்மதிச்சாங்க. அதனால என்னை அந்தக் கோலத்துல பாத்தா அவங்களுக்கு என்ன தோணும்னு எனக்கும் புரியுது. புரிஞ்சு என்ன பண்றது?

இப்ப பெட்டிக்குள்ள என்ன நடந்துச்சுன்னா, முதல்ல ஒரு லிஃப்டு. ஏறுது, ஏறுது, ஏறிக்கிட்டே இருக்கு. எண்பதாவது மாடியாம். கதவு தொறந்தா தரையில்ல. ஒரே ஒரு பலகை நீட்டிக்கிட்டு இருக்கு, எங்க பழைய லயத்து வீட்டுச் சாக்கடைக்குக் குறுக்க போட்டிருப்பாங்களே, அந்த அகலந்தான். கீழ பாத்தா காடியெல்லாம் எறும்பு. சம்மந்தி, நான் செம்பனை ஆலையில பாய்லர்ல இருபத்தெட்டு வருஷம் நின்னவன். நெருப்புக்கு நான் அசர மாட்டேன். ஆனா உசரம் எனக்கு ஆகாது. புகைக்கூண்டு ஏணியில மூணாவது படிக்கு மேல நான் கால் வச்சதில்ல, இது என் வீட்டுல உள்ளவளுக்குக்கூடத் தெரியாது, உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். எனக்கு உடம்பெல்லாம் நடுங்குது. காலு தன்னால ஆடுது. பல்லக் கடிச்சுக்கிட்டு "ஹ்ம்ம்... ஹ்ம்ம்..."னு மூச்சு விடுறேன். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு அது எப்படித் தெரிஞ்சிருக்கும்னு நான் எழுத வேண்டியதில்ல.

இனிமே எழுதுறது பாதி எனக்குக் கேட்டது, மீதி என் வீட்டம்மா அப்புறமா சொன்னது. உங்க வீட்டம்மா சிராப்புத் தண்ணித் தட்டோட வந்திருக்காங்க. என்னைப் பாத்ததும் தட்டத் தரையில வச்சிட்டு, முந்தானைய இழுத்துச் சொருகி, ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு கிட்ட வந்து, "ஐயா, வந்திருக்கிறது யாரு? எங்கிருந்து வந்திருக்க?"ன்னு கேட்டிருக்காங்க. எனக்குக் காதுல காத்து அடிக்கிற சத்தம், எண்பது மாடிக் காத்து. அதுக்குள்ள ஏதோ பொம்பளக் குரல் "எங்க... இருக்க"ன்னு கேக்குது. என் வீட்டுக்காரிதான் கேக்குறான்னு நெனச்சு, "உச்சியில நிக்கிறேன்டி! உச்சியில!"ன்னு கத்துனேன்.

ஆமா, "டி" போட்டேன். அதுக்கு அப்புறம் வர்றேன்.

அவங்களுக்கு அப்பவே கண்ணுல தண்ணி வந்துருச்சாம். "உச்சியில நிக்கிற ஐயாவே, பிள்ள கல்யாணத்தத் தை மாசம் வைக்கலாமா?"ன்னு கேட்டாங்களாம். எனக்கு விழுந்தது "வைக்கலாமா" மட்டுந்தான். என் வீட்டுக்காரியும் ஒரு பெட்டிய மாட்டிக்கிட்டு எனக்குப் பின்னால பலகையில கால் வைக்க வர்றான்னு நெனச்சுட்டேன். "வைக்காத! வைக்காதடி! வச்சா எல்லாரும் காலி!"ன்னு அலறுனேன். அதோட விட்டாங்களா? "தைய விட்டா வைகாசியில வைக்கலாமா சாமி?" எனக்குக் கேட்டது, "கைய விட்டா வைக்கலாமா?" கைய விட்டுட்டு வர்றாளாம்! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "எப்பவுமே வைக்காத! இந்த ஜென்மத்துல வேணாம்! வந்த வழியே திரும்பிப் போயிரு!"

அதுல காலு தடுமாறிருச்சு. பிடிக்க ஏதாவது கெடைக்காதான்னு ரெண்டு தடியையும் விட்டுட்டுக் கையத் துழாவுனேன். கெடைச்சுது. கெட்டியாப் புடிச்சேன். அது உங்க வீட்டம்மா கொண்டை. எண்பதாவது மாடியில ஒரு பிடிமானம் கெடைச்சா யாரு விடுவா சொல்லுங்க? பேய் ஓட்டுற மாதிரி ரெண்டு சுத்துச் சுத்திட்டேனாம். அவங்க தலையக் குனிஞ்சு குடுத்துக்கிட்டே நின்னாங்களாம். அவ்வளவு பக்தி! அந்தக் கவுண்டர்ப் பொண்ணு "பாக்சிக், பாக்சிக்!"னு ஓடியாருது. காவலுக்கு நின்ன ஜாகாக்காரன் ஒரு நாற்காலியத் தூக்கிட்டு ஓடியாரான்.

இவ்வளவு நடக்கும்போது என்னோட முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்துனவ என்ன பண்ணுனான்னு நெனைக்கிறீங்க? "அது மிஷின்"னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். அந்தப் பெட்டிய என் தலையில மாட்டிவிட்டதே அவதான்! கைப்பையத் தொறந்து விபூதிய எடுத்து என் நெத்தியில அள்ளி அப்புறா. நெத்தியில எடமில்ல, பெட்டி இருக்கு, அதனால மூக்குல. கேட்டா, "பழக்கதோஷத்துல கை தன்னால போயிருச்சுங்க, எனக்கே உடம்பு சிலுத்துப் போச்சு"ங்கிறா. நான் தும்முன தும்மல்ல பலகையில இருந்து கீழ விழுந்துட்டேன், எண்பது மாடியும் விழுந்தேன், "ஐயோ"ன்னு கத்திக்கிட்டே தரையில உக்காந்துட்டேன். பெட்டியக் கழட்டுனாங்க.

இதுக்கு மேலதான் சம்மந்தி, என் தலையெழுத்து. கண்ணத் தொறந்து பாக்குறேன். முன்னால உங்க வீட்டம்மா முடி அவுந்து கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டு நிக்கிறாங்க. சுத்திக் கூட்டம். ரெண்டு மூணு பேரு போன்ல படம் எடுக்குறான். எனக்கு ஒண்ணும் விளங்கல. "என்னாச்சு?"ன்னேன். சாமி எறங்குனதும் நான் எப்பவும் கேக்குற மொத வார்த்த அதுதான். "தண்ணி குடுங்க"ன்னேன். ரெண்டாவது வார்த்த அது. "நான் என்ன சொன்னேன், எனக்கு ஒண்ணும் தெரியாதே"ன்னேன். அவ்வளவுதான், மயிலம்மாள் அம்மா என் வீட்டுக்காரியப் பாத்து, "மலையேறிட்டாரு"ன்னாங்க. யாரோ ராவாங்ல இருந்து வந்த ஒரு அங்கிள் கூட்டத்த வெலக்கிட்டு வந்து, "சாமி, லாட்டரிக்கு நாலு நம்பர் கெடைக்குமா லா?"ன்னு என் காதுல கேக்குறாரு. அந்த மலாய்ப் பொண்ணு மட்டுந்தான் கட்டை விரலத் தூக்கிக் காட்டி, "பாக்சிக் பெஸ்ட்!"ன்னுச்சு.

நான் விடல. அங்கேயே, "அம்மா, அது மிஷினு, நான் பலகையில நின்னேன், விழுந்துருவேன்னு பயந்து கத்துனேன்"னு சொன்னேன். அவங்க கேக்கல. "உங்களுக்குத் தெரியாதுங்க, நீங்க அப்ப நீங்களா இல்ல"ன்னுட்டாங்க. சாமி எந்தக் காலத்துல தலையில பெட்டிய மாட்டிக்கிட்டு வந்துச்சுன்னு கேட்டேன். "சாமி எதுல வரணும்னு நீங்க சொல்லிக் குடுப்பீங்களா?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. சாயங்காலமே பையக் கட்டிட்டீங்க. ராத்திரிக்குப் போட்ட ரூம்ல நானும் என் வீட்டம்மாவும் குமுதாவும் படுத்துட்டு மறுநாள் பஸ் ஏறி வந்தோம்.

இப்ப அந்த "டி"க்கு வர்றேன். என் நெலமையக் கொஞ்சம் பாருங்க. பேசுனது சாமின்னு வச்சுக்கிட்டா, கல்யாணம் நின்னு போச்சு. பேசுனது நான்தான்னு வச்சுக்கிட்டா, சம்மந்தியம்மாவ நூறு பேரு முன்னால "டி" போட்டுக் கூப்பிட்டுக் கொண்டையப் புடிச்சு ஆட்டுனவன் நான். அதுக்கப்புறம் எந்த மானமுள்ள குடும்பம் பொண்ணு எடுக்கும்? சாமி "டி" போட்டா அருளு. இராஜமாணிக்கம் "டி" போட்டா அசிங்கம். ரெண்டு பக்கமும் கதவு சாத்திருச்சு. இருந்தாலும் நான் உண்மையத்தான் சொல்றேன். அதச் சொன்னது நான்தான். என் வீட்டுக்காரின்னு நெனச்சுச் சொன்னேன். அவளையும் நான் தெனம் அப்படிக் கூப்புடுறவன் இல்ல, எண்பதாவது மாடியில நின்னதால வந்துருச்சு. மயிலம்மாள் அம்மாகிட்ட என் சார்பா நீங்க மன்னிப்புக் கேட்டுருங்க. கொண்டைக்கும் சேத்து.

ஆதாரம் இல்லாமப் பேசுறேன்னு நெனைக்கக் கூடாதுன்னு, போன வியாழக்கிழமை நான் தனியா சிரம்பான் போயி அங்கிருந்து பஸ் மாறி மறுபடியும் அந்தப் பார்க்குக்குப் போனேன். அந்த மலாய்ப் பொண்ணப் பாத்து, அன்னைக்கு நான் போட்டது வெறும் கேம்தான்னு ஒரு தாள்ல எழுதிக் குடும்மான்னு கேட்டேன். எதுக்குன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரிஞ்ச மலாயில, என் மக கல்யாணம், சாமி, தலமுடி, எல்லாத்தையும் சொன்னேன். அது மேனேஜரக் கூப்புட்டுருச்சு. அந்தாளு நான் கேஸ் போட வந்திருக்கேன்னு நெனச்சு ஒரு ஐஸ்கிரீம் குடுத்தாரு. கடைசியில அந்தப் பொண்ணே பாவப்பட்டு டிக்கெட்டுக்குப் பின்னால "இனி பெர்மைனான் சாஜா"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துச்சு. வெறும் விளையாட்டுன்னு அர்த்தம், உங்களுக்குத் தெரியாததில்ல. இதோட வச்சிருக்கேன், பாருங்க. கையெழுத்துக்குப் பக்கத்துல சிரிச்ச முகம் போட்டிருக்கிறத நீங்க பெருசா எடுத்துக்க வேணாம்.

சம்மந்தி, இவ்வளவும் நான் எனக்காக எழுதல. குமுதாவுக்கு இருபத்தொம்போது. அவ ஆபீஸ்ல ஏர்கோன் ரிப்பேர் பண்ண வந்த பையனப் பாத்து, நாலு வருஷம் காத்துக் கெடந்து, உங்க வீட்டம்மா சரின்னு தலையாட்டுன அன்னைக்கு என் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதா. இன்னைக்கு சோத்த மூடி வச்சிட்டு ரூமுக்குள்ள போயிருறா. நான் டிவி முன்னால உக்காந்தா அவ எந்திரிச்சுப் போயிருறா. கடைசியாப் பேசுனது போர்டிக்சன்ல இருந்து வர்ற பஸ்ஸுல. சன்னல் பக்கம் பாத்துக்கிட்டு, "ஊருக்கெல்லாம் நல்ல வாக்குச் சொல்ற வாயி, எனக்கு மட்டும் ஏம்பா இப்படிச் சொல்லுச்சு?"ன்னா. அது மிஷினும்மான்னேன். "தெரியும்ப்பா, எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது"ன்னா. அதோட சரி.

மாப்பிள்ளைய நான் குத்தம் சொல்லல. அம்மா மனச ஒடச்சுட்டுக் கட்ட மாட்டேங்கிறாரு, அது நல்ல புள்ளைக்கு அழகுதான், ஆனா எம் பொண்ணுக்கு என்ன வழி? முந்தாநேத்து அவர் மூலமா உங்க வீட்டம்மா சொல்லிவிட்ட சேதி வந்துச்சு. அதே சாமி வந்து அதே வாயால "சரி"ன்னு சொன்னா மறுபடியும் பேசலாமாம். இதக் கேட்டதும் எனக்கு உச்சந்தலையில ஏறிருச்சு. சாமி என்ன கிராப் காடியா, போன்ல தட்டுனா வாசல்ல வந்து நிக்கிறதுக்கு? முப்பத்தோரு வருஷத்துல வராத சாமிய வந்ததா நான் ஒரு நாளும் காட்டுனதில்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஆடித் திருவிழாவுல மேளம் அடிச்சு அடிச்சு அடிக்கிறவன் கை வீங்கிப் போச்சு, எனக்கு வரல. முந்நூறு பேரு பாத்துக்கிட்டு இருக்காங்க, கோயில் தலைவர் கண்ணக் காட்டுறாரு, சும்மாவாச்சும் ரெண்டு ஆட்டம் ஆடுய்யான்னு. நான் அப்படியே தரையில உக்காந்து, "இந்த வருஷம் வரலப்பா, எல்லாரும் சாப்புடப் போங்க"ன்னு சொன்னவன். தோட்டமே என்னை ஏசுச்சு. என் வீட்டுக்காரி ஒரு வாரம் கோயில் பக்கம் போகல வெக்கத்துல. அப்படிப்பட்ட ஆளப் பாத்து, சாமிய வரவழைச்சு "சரி" சொல்ல வைங்கன்னு கேக்குறது எந்த ஊரு நியாயம்? அது அந்தக் கோயிலுக்கும் அவமானம், எனக்கும் அவமானம். என் உசிரு போனாலும் அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். இத நீங்க உங்க வீட்டம்மாகிட்ட அப்படியே சொல்லலாம். நான் சொன்னேன்னே சொல்லலாம்.

ஆகவே, தாங்கள் ஒரு நிதானமான மனிதர், முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவர், எது மிஷின் எது சாமி என்று பிரித்து அறியக் கூடியவர் என்ற நம்பிக்கையில், தங்கள் துணைவியாருக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, பிள்ளைகளின் காரியத்தை நல்லபடியாக முடித்து வைக்கும்படி மிகத் தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு என் ஆசியைச் சொல்லவும். காடியில் தங்கிவிட்ட என் துணிப் பையை வசதிப்படும்போது கொடுத்தனுப்பவும். பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு வாழ்த்தும் சொல்லி, உண்மையைத் தவிர வேறு எதையும் எழுதாத திருப்தியோடு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும்,
இராஜமாணிக்கம்

பி.கு.: மேலே உள்ளதைச் செவ்வாய்க்கிழமை எழுதினேன். இன்று புதன். உறையில் போட்டு ஒட்ட உட்கார்ந்தபோது குமுதா வேலைக்குக் கிளம்பி வந்தாள். செருப்பு மாட்ட வந்தவ, என் பக்கத்துல பெஞ்சுல உக்காந்தா. பத்து நாளைக்கு அப்புறம் "அப்பா"ன்னா. நான் என்னம்மான்னேன். கொஞ்ச நேரம் என் கையப் புடிச்சுக்கிட்டு இருந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா, அவ்வளவுதான். அதனால மேல எழுதுன எதையும் நீங்க உங்க வீட்டம்மாகிட்டச் சொல்ல வேணாம். படிச்சதும் இந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போட்டுருங்க, அந்த டிக்கெட்டையும் சேத்து. வர்ற வெள்ளிக்கெழமை சாயங்காலம் ஏழு மணிப் பூசைக்கு அவங்களக் கூட்டிக்கிட்டு எங்க கோயிலுக்கு வாங்க. சாமி வரும். தையில வைக்கலாமான்னு ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க, அதுக்கு மேல வேற எதையும் கேட்டுறாம நீங்க பாத்துக்குங்க. இன்னைக்குக் காலையிலேயே கோயிலுக்குப் போயி முனியாண்டிகிட்ட விஷயத்த ஒடச்சுச் சொல்லிட்டேன். முதல் தடவையா உன் வாசல்ல பொய் சொல்லப் போறேன், கோவம் இருந்தா என் மேல காட்டு, புள்ளைய விட்டுருன்னேன். ரொம்ப நேரம் நின்னு பாத்தேன். அவரு ஒண்ணும் சொல்லல.